பெயர் வைக்காமல் அனுப்பிய பதிவுகள்

தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வேன். நீரிழிவுக் கையேடு ஒன்றை இருபத்திரண்டு துண்டுகளாகப் பதிந்து, கைப்பேசி தானாகக் கொடுத்த எண்களையே பெயராக விட்டு, கெலாங் பாத்தாவில் இருக்கும் பார்வையற்ற நண்பர் சேகருக்கு அனுப்பினேன்.

போன மாதம் ஒரு மாலை, அவர் மனைவிக்குச் சர்க்கரை இறங்கி உடம்பு வியர்த்து நடுங்கியிருக்கிறது. என்ன கொடுப்பதென்று தெரியாமல் சேகர் என் பதிவுகளைத் திறந்திருக்கிறார். உணவு, நடைப்பயிற்சி, காலணி என்று வேறு ஏதேதோ வந்திருக்கிறது. பதற்றத்தில் அவர் போட்ட சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா இனிப்பான சிராப் தண்ணீரோடு ஓடி வந்ததால் மனைவி தப்பினார்.

மறுநாள் பார்க்கப் போனேன். சேகர் கோபப்படவில்லை. "உங்க குரல் நல்லா இருக்கு அக்கா. ஆனா எதுல என்னா இருக்குன்னு எனக்கு எப்படி லா தெரியும்?" என்றார். 

இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண்ணோடு, அதில் உள்ள விஷயத்தையே பெயராக வைக்கிறேன். கூட அனுப்பும் எழுத்துப் பிரதியில் அத்தியாயத்துக்கு முதல் நிலைத் தலைப்பும் உட்பிரிவுக்கு இரண்டாம் நிலைத் தலைப்பும் கொடுக்கிறேன்; வாசித்துச் சொல்லும் கைப்பேசியில் தலைப்புக்குத் தலைப்பு தாவித் தேட அது உதவும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பேசி வாசித்துச் சொல்வதை மட்டும் கேட்டு, ஒரு பகுதியைத் தேடிப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் அனுப்புவதில்லை.