முடியாது என்று சொல்லத் தெரியாத பாலம்

இடது கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் தட்டச்சு செய்கிறார் வால்டெமார் இரிகரை. மொன்டெவிடியோவில் பாதி ஊர் இப்படித்தான் நடமாடுகிறது. ஆனால் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிடுவார்கள். இவர் வைக்கமாட்டார். கேட்டால், "ஆறிடும்ப்பா" என்பார். பிளாஸ்க்கில் இருக்கும் வெந்நீர் ஆறிவிடும் என்று நம்புகிற இந்தப் பொறியாளரை நம்பித்தான் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுக்கூடம் ஓடுகிறது.

அங்கே மாத்தே என்கிற இலைக் கஷாயத்தை ஊற்றுவதும் அவர்தான். சுரைக்குடுவையில் இலைத்தூளை நிரப்பி, வெந்நீர் விட்டு, முதல் கசப்பைத் தானே குடித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்காக நீட்டுவார். குடித்தவர் குடுவையை அவரிடமே திருப்பித் தரவேண்டும். கேட்டு வாங்குவது அநாகரிகம். ஊற்றுகிறவன் கூப்பிடும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். வால்டெமார் இதுவரை ஒருவர் முறையையும் தவறவிட்டதில்லை.

தொழிலும் ஏறக்குறைய இதேதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொய்க் கணினி இருக்கிறது. கையால் தொடமுடியாது; நிஜக் கணினி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நடித்துக்காட்டும் நிரல் அது. அதன் மூளையான செயலி, போர்ட் என்கிற வாசலில் நின்று நினைவகத்திடம் தகவல் கேட்கும். அந்த வாசலுக்கு வெளியே, பிரேசிலின் போர்த்தோ அலெக்ரேக் குழுவினர் தனியாக எழுதிய நினைவக நிரலைக் கொண்டுவந்து பொருத்தும் பாலத்தைக் கட்டியவர் வால்டெமார். புதிதாக வருகிறவர்களுக்குக் குடுவையும் கையுமாக விளக்குவார்.

"வாசல்ல ஒருத்தன் கேப்பான். உள்ள இருக்கிறவனுக்குக் கை ஒழியலைன்னா 'இப்ப முடியாது'ன்னுடுவான். தப்பில்ல. ஆனா முடியாதுன்னு சொன்னவன்தான் அப்புறம் கூப்பிடணும். கேட்டவன் மறுபடி வாயே திறக்கக்கூடாது. மரியாதை!"

வால்டெமாரை எல்லோரும் 'ஒல்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து மேசை ஒலிந்தோ உடனே கத்துவான்: "ஒல்லி, கையில இருக்கிறது மைக் இல்லடா. குடிச்சிட்டு அடுத்தவனுக்குக் குடு!"

இவ்வளவு விளக்குகிறவருக்கு ஒரே ஒரு சொல் வாயில் வராது. அது 'முடியாது'. ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்துக்கு, எதிரெதிராக ஆடும் இரண்டு அணிகளுக்கும் கோல்காக்க ஒப்புக்கொண்டவர் அவர். அன்று காய்ச்சல் என்று வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்தார். பொய் சொல்லவும் கூசி, நிஜமாகவே காய்ச்சலை வரவழைத்துக்கொண்டார் என்று ஒலிந்தோ சத்தியம் செய்கிறான்.

பாலத்திலும் அதுவே நடந்தது. முதலில் எழுதியபோது மறுக்கத் தெரிந்த பாலமாகத்தான் எழுதினார். மறுக்கப்பட்டவனைத் திரும்பக் கூப்பிடும் வரியை மட்டும் எங்கோ கோட்டைவிட்டார். செயலி கேட்டது, பாலம் மறுத்தது, செயலி மரியாதையாக நின்றது. நின்றது நின்றதுதான். பிழைச்செய்தி இல்லை, புகை இல்லை. "இன்னிக்கு ஓடிடுமா?" என்று முனைவர் ஆய்வு மாணவி நெரேயா தலையை நீட்டினாள். "ஓடிடும்" என்றது வால்டெமாரின் வாய். பிழையைத் தேடப் பொறுமையில்லாமல், மறுக்கும் வேலையையே பாலத்திலிருந்து பிடுங்கிப்போட்டார். இனி எது கேட்டாலும் பாலத்தின் பதில் 'சரி'. எத்தனை பேர் முண்டினாலும் சரி, சரி, சரி. வந்ததையெல்லாம் அடியில்லாத பையில் திணித்துக்கொண்டு, நினைவகம் வேலையை முடிக்குமுன்பே 'ஆச்சு' என்று பதில் தந்தது பாலம். அன்றே ஓடியது. குதிரையாய் ஓடியது.

நெரேயாவின் முனைவர் ஆய்வு இந்தப் பாலத்தின்மேல்தான் நிற்கிறது. பல செயலிகள் ஒரே நினைவகத்தை முட்டி மோதிக் கேட்டாலும், தன் ஏற்பாட்டில் நெரிசலே வராது என்பது அவள் முடிவு. வராதுதான். கல்யாணப் பந்தியில் காலி இலையைப் பார்த்து எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று எழுதிவைத்தால் நெரிசல் எங்கிருந்து வரும்? வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. பிரேசிலிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள்.

கோடை முடிந்த நாளிலிருந்து வால்டெமார் நெரேயாவின் கண்ணில் படாமல் பின்படிக்கட்டில் ஏறி வருகிறார். தினமும் நெரேயாவின் மேசையில் சூடான பிஸ்கோச்சோ பன் பொட்டலம் இருக்கிறது. பேக்கரிக்காரி அவருக்கு நெரேயாமேல் காதல் வந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அதை மறுக்கவும் அவரால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாத்தே வட்டத்தில் நெரேயா சொன்னாள்: "ஒல்லி, நன்றிப் பக்கத்துல முதல் பேரு உன்னோடதுதான்."

வால்டெமாரின் காது மடல் சிவந்தது.

"எதுக்கு அவனுக்கு? பிஸ்கோச்சோவுக்கா?" என்றான் ஒலிந்தோ.

"பாலத்துக்குடா! இத்தனை மாசத்துல ஒரு தடவைகூட 'முடியாது'ன்னு சொன்னதில்ல, தெரியுமா? தங்கம்!"

குடுவை வால்டெமாரின் கையிலேயே நின்றது. நெரேயாவின் முறை. அவள் கேட்கவில்லை, இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். வட்டமே மரியாதையாகக் காத்திருந்தது, பிழைச்செய்தி இல்லாமல்.

"மைக் இல்லடா அது," என்றான் ஒலிந்தோ மெதுவாக.

"சொல்லியிருக்கணும் நெரேயா," என்றார் வால்டெமார் குடுவையைப் பார்த்தபடி. "நூறு தடவை 'முடியாது'ன்னு சொல்லியிருக்கணும். நான்தான் அதைச் சொல்லவிடல. வந்ததையெல்லாம் முழுங்கிட்டு 'ஆச்சு, ஆச்சு'ன்னு சொல்லிக்கிட்டிருக்கு. உன் எண்கள்… எதுவும் நிக்காது."

நெரேயாவின் கையில் பாதி கடித்த பிஸ்கோச்சோ. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தினமும் வந்த பொட்டலங்களுக்கெல்லாம் அந்த நொடியில் அர்த்தம் தெரிந்துவிட்டது.

"எப்பலருந்து தெரியும் உனக்கு?"

"கோடை முடிஞ்சதுலருந்து."

அவள் பிஸ்கோச்சோவைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்து, காகிதத்தை மடித்தாள். "வியாழக்கிழமைக்குள்ள சரிபண்ணி, எல்லாத்தையும் திரும்ப ஓட்டிடலாமா?"

வால்டெமாரின் வாய் பழக்கதோஷத்தில் 'முடியும்' என்று சொல்லக் கிளம்பி 'முடி' வரைக்கும் போய்விட்டது. அங்கே நின்றது.

"முடியாது," என்றார். "தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லு. காரணம் நான்னு சொல்லு. வேலை முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

கக்கத்திலிருந்து பிளாஸ்க்கை உருவி ஒலிந்தோவின் கையில் கொடுத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளாலும் தட்டச்சு செய்யப் பார்த்தார். இடது கை விசைப்பலகைக்கு வரவில்லை. இல்லாத பிளாஸ்க்கை இன்னும் விலாவோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.