ஏழு பிப்புகளும் ‘காலேஜ் எழுத்தும்’

சூடான இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் ஃபெல்ட் துணியின் பசை உருகும்போது வரும் அந்தக் கருகல் வாசம் இன்று மூக்கில் ஏறினாலும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சாஆ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது, எங்கள் வலைப்பந்துக் குழுவின் மானம் மொத்தமும் அந்தப் பசையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது!

வலைப்பந்தில் யார் எந்த இடத்து ஆட்டக்காரி என்பதை, நெஞ்சில் மாட்டும் ‘பிப்’பிலுள்ள ஆங்கில எழுத்துகள்தான் நடுவருக்குச் சொல்லும். எங்கள் பிப்புகளிலோ எழுத்தே அழிந்துபோயிருந்தது. ஆடுவது ஏழு பேர். நான் எட்டாவது, அதாவது நிரந்தர பெஞ்சு. ஆட்டம் வராவிட்டால் என்ன, கத்தரிக்கோல் வருமே என்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமாவின் எழுத்துப் போட்ட பனியனைப் பார்த்து, தேய்த்தால் ஒட்டும் ஃபெல்ட் துணியில் புது எழுத்து வெட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அடடா, என்ன எழுத்து அது! வளைவே கிடையாது, எல்லாம் தடித்த நேர்க்கோடு, மூலைக்கு மூலை சரக்கென்று ஒரு சாய்வு வெட்டு. ‘காலேஜ் எழுத்து’ என்போம். அதை மாட்டினாலே பாதி ஆட்டம் ஜெயித்த மாதிரி.

போட்டி நாள் காலை, சிகாமட் போகும் பஸ் வாசலில் நிற்க, வகுப்பறையில் டீச்சர் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் ‘டபிள்யூ ஏ’, பிரமாதம்! அடுத்து எங்கள் கேப்டன், கோல் எறியும் புஸ்பாவின் ‘ஜி எஸ்’ஸை எடுத்து வைத்ததும் அவள் அலறினாள்: “அலமாக்! என்னாடி இது, கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு?”

பென்சில் கோடு நன்றாகத் தெரிகிறதே என்று, பசைப்பக்கத்து வெள்ளைத்தாளில் வரைந்து வெட்டியிருந்தேன், திருப்பி ஒட்டும்போது இடம்வலம் மாறுமென்று தோன்றவில்லை, மடச்சி! ‘டபிள்யூ’வும் ‘ஏ’வும் இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் தப்பித்தன. வேறு துணியும் இல்லை.

“பிப் இல்லாம கோர்ட்ல விடமாட்டாங்கம்மா,” என்றார் டீச்சர். ஆத்திரத்தில் நான் மேசையைத் தட்டிவிட்டேன். கீழே விழுந்த ‘சி’ தலைகீழாகக் கிடந்தது, பார்த்தால் சரியான ‘சி’! மேலும் கீழும் ஒரே வெட்டுதானே! ‘டி’யும் ‘கே’யும் அப்படியே திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டன. ‘ஜி’க்களைத் திருப்பி, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த துண்டை மட்டும் வெட்டிக் கீழே வைத்தேன், ‘எஸ்’ஸில் செங்குத்தாக நிற்கும் துண்டுகள் இரண்டையும் வெட்டிப் பக்கம் மாற்றினேன். நேர்க்கோடு என்பதால் ஒட்டுப்போட்டதே தெரியவில்லை.

கடைசி ஆட்டம், கடைசி நிமிடம், இரு பக்கமும் சம கோல். பந்து புஸ்பா கைக்கு வந்த நேரம் பார்த்து ‘எஸ்’ வியர்வையில் பிய்ந்து தொங்கியது. இடக்கையால் அதை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலக்கையால் எறிந்தாள் பாருங்கள், கோல்! கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போய்விட்டது.

படம் எடுக்கும்போது அவள் தன் பிப்பைக் கழற்றி என் தலைவழியே மாட்டினாள். “நீ போட்டுக்கடி. இது உன் கோலு.”

இன்று ஜொகூர் பாருவில் என் மகளின் குழுவுக்குப் பிப்புகள் செட்டாகவே கிடைக்கின்றன. எழுத்தைப் புரட்டுவது கம்ப்யூட்டரில் ஒரு தட்டுதான். எங்கள் பள்ளி மூடியாயிற்று, தோழிகளும் ஆளுக்கொரு ஊர். போன வாரம் அந்தப் படத்தைப் பார்த்த மகள், “அம்மா, நீங்க ஜி எஸ்ஸா ஆடுனீங்களா?” என்று கேட்டாள்.

ஒரு நாள்கூட நான் களத்தில் இறங்கியதில்லை. “ஆமா லா,” என்றேன். பொய் சொன்னதாகவே தோன்றவில்லை.