ரோஸ் கலர் பல்பொடி

யுத்த காலத்தில் சீமைப் பல்பொடி வருவது நின்றுபோனது. ரசாயன ஆராய்ச்சியில் இருந்த என் கணவர், மல்லேஸ்வரம் வீட்டுப் பின்கட்டிலேயே பல்பொடி செய்து விற்கலாம் என்றார். விற்பது என் பொறுப்பு.

ஆனால் அந்த மனுஷருக்கு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஈறுக்கு நல்லதென்று என்னென்னவோ மருந்து சேர்த்த பொடியை மாதிரிக்கென்று தெருவில் பாதி வீடுகளுக்குக் கொடுத்தார். மீதி வீடுகளுக்கு மருந்தில்லாத வெறும் சாக்பீஸ் மாவு! இரண்டும் வெள்ளையாக இருந்ததால், தமக்கு அடையாளம் தெரியட்டுமென்று வெறும் மாவில் மட்டும் கொஞ்சம் ரோஸ் கலர் கலந்துவிட்டார்.

"நாம கடை வெச்சிருக்கோமா, பரீட்சை நடத்தறோமா?" என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே!

மறுவாரம் தெருவே எங்கள் வாசலில் நின்றது. எல்லோருக்கும் ரோஸ் பொடிதான் வேண்டுமாம். வெள்ளையைச் சீந்துவாரில்லை.

"அந்த நல்ல பொடியிலயும் ரோஸைக் கலந்து தொலைங்களேன்!" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கலந்துட்டா, எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"