ஒரே ஒரு சீட்

கல்லூரியில் சேர வந்த அன்று, வேன் ஸ்டாண்டுக்குள் கால் வைத்ததுமே ஒரு குரல் என்னைப் பிடித்துக்கொண்டது.

"காலேஜ், காலேஜ்! ஒரே ஒரு சீட்! ஏறினா எடுத்துடலாம்!"

ஓடிப்போய் ஏறினேன். உள்ளே டிரைவர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஒரே ஒரு சீட்னு சொன்னீங்க?"

"உனக்கு ஒண்ணு போதாதா? படுத்துக்கிட்டா வரப்போற?"

வேன்களுக்கு ஆள் கூப்பிடுவதுதான் அவர் வேலை. கணவர் இறந்து, அவர் ஓட்டிய வேனை விற்ற பிறகும் ஸ்டாண்டை விடவில்லை. மகளை அந்தத் தொண்டையை வைத்தே வளர்த்தார். இடுப்பில் செருகிய முந்தானை, கையில் வெந்நீர் பிளாஸ்க். எல்லோருக்கும் மைக் அக்கா.

"எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன்.

"பஸ் திரும்புற இடத்துக்கு அந்தப் பக்கமும் ஊர் இருக்கா!"

அன்றிலிருந்து நான் தலைகாட்டினால் போதும், "வாங்க, மேப்புல இல்லாத ஊர்க்காரரே!" என்று ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கூவுவார். முதலில் கூசியது. பிறகு அதைக் கேட்காத நாள் வெறுமையாக இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வீட்டில் பூரித்துப்போனார்கள், ஆனால் என்ன சொல்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. "மேப்புல இல்லாத ஊரு பாஸாயிடுச்சு!" என்று அவர் முழங்க, டிரைவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

அரசு வேலைக்கான நேர்முகத் தேர்வு நாளில் திடீரென்று வானம் இருண்டு, ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. ஒரு வேனின் முன்கண்ணாடி விரிசல் விட்டதும் மற்ற டிரைவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மதியத்துக்குள் போகாவிட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள். ஃபைலைச் சட்டைக்குள் செருகியபடி நின்றேன்.

"போச்சுக்கா."

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு சாலையில் இறங்கினார். கத்தினார், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த இரைச்சலில் அந்தக் குரலே எடுபடவில்லை. கை காட்டினார், கார்கள் விலகிப் பறந்தன. கடைசியில் நட்டநடுச் சாலையில் போய் நின்றுவிட்டார். ஒரு பால் வேன் கிறீச்சிட்டு நின்றது.

"சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"அப்புறமா திட்டுப்பா. ஒரே ஒரு சீட் இருக்கா?"

அவர் அப்படிக் கேட்டு அன்றுதான் பார்த்தேன். என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். வேன் நகர்ந்தபோது ஒரு கையால் மறுகை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலை கிடைத்தது. அதைச் சொல்லப் போனபோது அவர் கையில் கட்டு.

"என்னாலதானே அக்கா?"

"தொண்டையில விழலையே, விடு."

இன்று எனக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் இருக்கின்றன. அக்காதான் ஏற்றிவிட்டார்.

மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. முழங்கால் வலியால் அவர் இப்போது உட்கார்ந்தபடி ஆள் கூப்பிடுகிறார், அதே ஸ்டாண்டில், அன்று விளிம்பு உடைந்த அதே நாற்காலியில்.