இல்லாத சித்தப்பாவின் துடக்கு

துடக்கு என்றால் அழுக்கு என்றுதான் நெடுநாளாய் நினைத்திருந்தேன். செத்த வீட்டுக்காரரைத் தொடப்படாது, அவர்கள் குடித்த செம்பைத் தொடப்படாது, அவர்களும் கோயில் வாசலை மிதிக்கப்படாது. அதற்கு மேல் அறிய நான் படித்தவனா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் துருச் சுரண்டத் தொடங்கி, நாற்பது பேரை வைத்துச் சுரண்டுவிக்கும் கொந்தராத்துக்காரனாய் வந்தவன். எல்லாம் இருந்தது. பரம்பரைதான் இருக்கவில்லை.

கோயிலில் ஒருநாள் திருவிழாவை என் செலவில் செய்ய ஆசைப்பட்டபோது அந்தக் குறை தெரிந்தது. கோயில் தலைவரான வண்ணக்கர், நான் ஆரின்ர ஆக்கள் என்று கேட்டார். கிளிவெட்டியில் பெரிய வயற்காரர் ஒருவர் இருந்தார். பஸ்ஸில் ஒருமுறை அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவர் என் தகப்பனாரின் சொந்தத் தம்பி என்று சொன்னேன். திருவிழா கிடைத்தது. யாழ்ப்பாணத்து மேளத்துக்கும் சொல்லியாயிற்று.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்க அந்தக் கிளிவெட்டி மனிசன் மோசம் போயிட்டார்.

வண்ணக்கரே துக்கம் கேட்க வந்தார். படலைக்கு வெளியே நின்றார். கதிரை போட்டும் இருக்கவில்லை. முப்பத்தொரு நாள் துடக்கு என்றும், என் திருவிழாவைப் புடவைக்கடைக்காரர் செய்வார் என்றும் மெத்தப் பணிவாய்ச் சொல்லிப் போனார். உள்ளே மனைவி காத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, கண்ணால காணாத மனிசனுக்கு நான் ஏன் மீன் தின்னாமல் கிடக்க வேணும்?"

வழி தேடி, இளைப்பாறிய தலைமை வாத்தியார் ஒருவரிடம் போனேன். நல்ல சவர்க்காரம் போட்டு முழுகினால் போகாதா என்று கேட்டேன். தொடக்கு என்ற பழஞ்சொல்லைத்தான் நாங்கள் துடக்கு ஆக்கி வைத்திருக்கிறோம், கட்டு, பிணைப்பு என்று அதற்குக் கருத்து என்றார்.

"அது ஊத்தை இல்லைத் தம்பி, உறவு. சொந்தம் இல்லையெண்டு சொல்லும், அந்த நிமிசமே போயிடும்."

சொன்னால் துடக்கும் போகும், திருவிழாவும் போகும், பொய்யன் என்ற பெயர் மட்டும் நிற்கும். துடக்கையே காத்தேன். என் மேளம் புடவைக்கடைக்காரருக்கு வாசித்ததை வேலிக்குள் இருந்து கேட்டேன். அந்தக் கடைக்காரருக்குத் தாளம் போடவும் தெரியாது. ஆனால் ஒன்று. அதுவரை என்னை ஏறெடுத்துப் பாராத பெரிய ஆக்கள் எல்லாம் படலைக்கு வெளியே நின்று துக்கம் கேட்டார்கள். அவர்கள் என்னைத் தொடப் பயந்த அந்த ஒரு மாதத்தில்தான் நான் பெரிய குடும்பத்து ஆளானேன்.

அடுத்த வருசம் வண்ணக்கர் மறுபேச்சில்லாமல் திருவிழாவைத் தந்தார். திருவிழா அன்றைக்குப் பார்த்து, செத்தவரின் மூத்த மகன் கிளிவெட்டியிலிருந்து வந்துவிட்டார். வண்ணக்கருக்கு முன்னால் வைத்தே, எந்த வழியில் நான் அவர்களுக்குச் சொந்தம் என்று கேட்டார்.

"உங்கட அப்பாவுக்கு முப்பத்தொரு நாளும் காத்தனான்," என்றேன். "நீங்கள் எத்தினை நாள் காத்தனீங்கள்?"

இருபதாம் நாளே அவர் மூதூரில் கலியாணப் பந்தியில் இருந்து பாயாசம் குடித்த கதை எங்கள் ஊர் வரைக்கும் வந்திருந்தது. மனிசன் சால்வையைச் சரிசெய்தார்.

வண்ணக்கர் என் பக்கம் திரும்பி, "தம்பியாருக்கும் பிரசாதம் குடுங்கோ," என்றார்.

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார்.