சைக்கிள் ரியூப் தாங்கிய இறக்கை

எனக்கு இயல்பிலேயே பயம் கூட. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பொறியியலுக்கு இது நல்ல குணம் என்று என் பேராசிரியர் சொல்லுவார். அவர் என்னோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

அந்த வருடம் நாங்கள் ஒரு ஆளில்லா விமானம் செய்துகொண்டிருந்தோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல்களுக்கு மேலாகப் பறந்து, எங்கே பயிர் நோய்ப்பட்டிருக்கிறது என்று அது படம் எடுக்க வேண்டும். கிளிநொச்சியில் இருக்கிற எங்கள் ஆய்வுகூடத்தில், கண்ணாடி நாரையும் பிசினையும் அடுக்கடுக்காக வைத்து அதன் இறக்கையைச் செய்திருந்தோம். பெரிய பெயர் ஒன்று இருந்தாலும் எல்லாரும் அதைப் பைபர் என்றுதான் சொல்லுவார்கள். முல்லைத்தீவுக் கரையில் அப்பாவின் வள்ளமும் பைபர்தான். இரும்பு அடிபட்டால் நெளிந்து காட்டிவிடும். பைபர் காட்டாது. மேலே ஒரு கீறலும் இருக்காது, உள்ளே அடுக்குகள் பிரிந்துபோய் இருக்கும். சில அமுக்கமான ஆட்களைப் போல.

என் வேலை இரண்டு பாதி. பைபர் பலகை ஒன்றின் நான்கு ஓரத்தையும் இரும்புச் சட்டத்தில் இறுக்கி, மேலிருந்து இரும்புக் குண்டை விழுத்தி, பலகை எப்படி அதிர்கிறது என்று அளப்பது ஒரு பாதி. அதே அடியைக் கணினிக்குள் அடித்துப் பார்ப்பது மற்றப் பாதி. இரண்டும் ஒத்துப்போனால்தான், காற்று அடிக்கும்போதும் தரையில் மோதி இறங்கும்போதும் முழு இறக்கை என்ன பாடுபடும் என்று கணினி சொல்லுவதை நம்பலாம்.

இரண்டு மாதமாக ஒத்துப்போகவில்லை. கணினிக்குள் இருந்த பலகை அதிர்ந்துகொண்டே இருந்தது. உண்மைப் பலகையோ கெதியாக அடங்கிவிட்டது. பைபர் நான் நினைத்ததைவிட நன்றாக அதிர்வை அடக்குகிறது என்று முடிவுகட்டி, அடங்கும் தன்மைக்கான எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒருநாள் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தன. சின்ன நேர வித்தியாசம் ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் பிசினின் தலையில் போட்டேன். அன்றைக்கு ஆய்வுகூடம் முழுக்க என் கணக்கில் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

என்னோடு வேலைசெய்த தொழில்நுட்பவியலாளரை நான் அண்ணை என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். அவருடையது மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். வாய்க்கால் ஓரம் இரண்டு ஏக்கர் வயல் செய்கிறார்கள். விமானத்தின் முதல் பறப்பு அந்த வயல்களுக்கு மேலாகத்தான். திங்கட்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பரிசோதனைகள் முடிந்துவிட்டதால் அண்ணை சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரும்புக்கும் பலகைக்கும் இடையில் இருந்து கறுப்புத் துண்டுகளை உருவி எடுத்தார். சைக்கிள் சில்லின் பழைய ரப்பர் ரியூப். இரும்பு அழுத்திப் பலகையின் ஓரம் நசிகிறது, கொஞ்ச ரியூப் வெட்டி வைக்கட்டோ என்று அவர் எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது. நல்ல யோசினை என்று நானே சொல்லியிருந்தேன். வன்னியில் சைக்கிள் ரியூப் இல்லாமல் எந்த வேலை நடக்கும்? கரியரில் விறகு கட்டுவதும் அதால்தான், வேலிப் படலையை இழுத்துக் கட்டுவதும் அதால்தான். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு பொருளாகவே படவில்லை. கணினிக்குள் நான்கு ஓரமும் அசையாமல் இறுக்கியிருக்கிறது என்று எழுதிவிட்டு இருந்தேன்.

அண்ணை ஒரு துண்டை இழுத்து விட்டார். அது சுருங்கி அவர் கையில் அடித்தது.

அதிர்வை அடக்கியது பைபர் இல்லை, ரியூப். மிச்சம் இருந்த அந்த நேர வித்தியாசமும் அதால்தான். ரப்பரின் குணத்தைப் பைபருக்குக் கொடுத்து, அந்த எண்ணை வைத்து முழு இறக்கைக்கும் கணக்குப் பார்த்து, உறுதியானது என்று கையெழுத்தும் வைத்திருந்தேன். இறக்கையில் ரப்பர் எங்கே இருக்கிறது? அது நான் சொன்னதைவிடக் கூடுதலாக ஆடும், கூடுதல் நேரம் ஆடும்.

எவ்வளவு கூடுதலாக என்று தெரியவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்தேன். அடங்கும் தன்மைக்கான அந்த எண்ணைப் பாதியாக்கினால் இறக்கை தாங்கியது. இன்னும் குறைத்தால் அடியோடு முறிந்தது. உண்மை எண் எதுவென்று கணினிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சோறு இறங்கவில்லை. அம்மா முல்லைத்தீவிலிருந்து போன் எடுத்து, அந்தச் சாமான் பறக்கும்போது சத்தம் வருமோ என்று கேட்டா. சண்டைக் காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய வேவு விமானத்தை எங்கள் சனங்கள் வண்டு என்பார்கள். அப்படி ஒரு இரைச்சல் கேட்டால் அம்மா இப்போதும் முற்றத்தில் நிற்க மாட்டா. சின்னச் சத்தம்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சொல்லாமல் விடுவதற்குக் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. பறப்பைப் பார்க்க வருகிறவர்களுக்குக் குளக்கட்டில் பந்தல் போட்டாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவர ஒழுங்கு செய்தாயிற்று. எல்லாக் கணக்கிலும் கொஞ்சம் கூடுதல் பலம் வைத்துத்தானே செய்கிறோம்? அத்தோடு, வாயைத் திறந்தால் ரியூப் வைத்தது யார் என்று கேட்பார்கள், பாவம் அண்ணையில் போய் முடியும். என் பயத்துக்கு அவருடைய பெயரைப் போர்த்திப் பார்த்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஆய்வுகூடத்துக்குப் போனேன். அண்ணை இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனம் தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். யாருடைய பிழை என்று அவர் கேட்கவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கேட்டார்:

“மிஸ், அப்ப நாளைக்கு நான் என்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ, வேண்டாமோ?”

இரண்டு நாளாக நான் பார்த்த எண்களில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. “வேண்டாம் அண்ணை” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருடைய பிள்ளைகள் வர வேண்டாம் என்றால், மற்றவர்களின் பிள்ளைகள் மட்டும் பந்தலில் வந்து இருக்கலாமா?

அங்கே நின்றபடியே பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, இறக்கை முறியும் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியாது சேர். தெரியாதபடியால்தான் சொல்லுறன்.”

ரியூப் வைத்தது யார் என்று அடுத்ததாகக் கேட்டார். அண்ணை என்னைக் கேட்டுத்தான் வைத்தவர், ஓம் சொன்னதும் நான்தான், அதைக் கணினிக்குள் போடாமல் விட்டதும் நான்தான் என்றேன். பறப்பை நிறுத்துகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வந்தவர்களுக்குக் காற்று சரியில்லை என்று சொன்னார்களாம். அந்தத் திங்கட்கிழமை ஒரு இலைகூட அசையவில்லை.

புதன்கிழமை மிச்சமிருந்த ஒரே ஒரு பலகையை, ரப்பர் இல்லாமல், ஓரங்களில் உலோகத் துண்டு ஒட்டிச் சட்டத்தில் இறுக்கினோம். குண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. என் வாய் தன்பாட்டில் மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தது. இது உடைய வேண்டும் என்று. என் கையால் அடுக்கி, நானே பிசின் பூசிய பலகை. உடையாவிட்டால், ஒன்றுமில்லாததற்கு எல்லாவற்றையும் நிறுத்திய பயந்தாங்கொள்ளி நான்.

குண்டு விழுந்தது. பலகையில் கீறல் இல்லை. திரையில் கோடு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பலகையைக் கழற்றி, ஒரு குற்றிக் காசால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். கணீரென்று கேட்ட சத்தம் நடுவில் பொத்தென்று செத்துப்போனது. அண்ணையும் தட்டிப் பார்த்தார். உள்ளங்கை அளவுக்கு உள்ளே பிரிந்திருந்தது.

மாதா கேட்டுவிட்டா என்று முதலில் சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல். அதற்குப் பிறகுதான், திங்கட்கிழமை பந்தலில் வந்து இருந்திருக்கக்கூடிய பிள்ளைகளை நினைத்தேன். பெரிய நேர்மைக்காரி என்று பேராசிரியர் இப்போது மாணவர்களுக்கு என்னைக் காட்டிச் சொல்லுகிறார். அண்ணை அந்த ஒரு கேள்வியைக் கேட்டிராவிட்டால் நான் போனை எடுத்திருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.