கயிறு நீண்ட வாரம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிலது மறந்தும் போயிற்று.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் கிரவுண்டு ஆயாவாக இருந்தேன். ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலை. கடற்காற்றில் கோடு நிற்காது. திங்கட்கிழமைதோறும் முடிச்சுப் போட்ட அளவுக் கயிற்றால் அளந்து, புதிதாகப் போடுவேன்.

ஒன்பதாம் வகுப்பு ரோஸ்லின் நானூறு மீட்டர் ஓடுவாள். முடித்ததும் மூச்சு வாங்கக்கூட நிற்காமல், பி.டி. டீச்சர் கையிலுள்ள ஸ்டாப் வாட்சை எட்டிப் பார்ப்பாள். முள் குறைந்த நேரம் காட்டினால்தான் அன்றைக்குப் பேச்சும் சிரிப்பும்.

மாவட்டப் போட்டிக்குப் பெயர் அனுப்ப வேண்டிய வாரம், அவள் நேரம் திடீரென்று மூன்று வினாடி கூடிப்போனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தொடையில் தானே அடித்துக்கொண்டாள். தன் பெயரை எடுத்துவிடும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"எங்காலு செத்துப்போச்சு, கனியக்கா. இனிமே ஓடமாட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று அந்த அளவுக் கயிற்றைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். பக்கத்துக்கு இருபது பேர் இழுத்தார்கள். அதில் நீண்டிருக்குமோ? டீச்சர் முகத்தைப் பார்த்துப் பேசியவளில்லை நான். வேலையும் நிரந்தரமில்லை. அவர்கள் அறை வாசலுக்கு இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன்.

டீச்சர் இரும்பு டேப்பால் அளந்தார்கள். ஒரு சுற்றுக்குப் பதினைந்து மீட்டர் கூடுதல்.

"அளக்குத கயித்தையா இழுக்கக் குடுப்பாவ, செல்லக்கனி?" என்றார்கள். அதற்குமேல் திட்டவில்லை.

ரோஸ்லின் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் இன்னும் சுண்டிப்போனது.

"அப்போ நான் நல்லா ஓடுன நாளும் கயிறு பண்ணுன வேலதானா?"

 

டீச்சரிடம் வாட்சை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். முடிந்ததும் யார் கையையும் பார்க்கவில்லை. குனிந்து மூச்சு வாங்கினாள்.

"கடைசி வளைவுல தோள் இறுகிப்போவுது டீச்சர். அங்கன சரிபண்ணணும். பேர அனுப்புங்க."

போட்டியில் நாலாவதாக வந்தாள். மெடல் இல்லை. வளைவு நன்றாக வந்தது என்று அவளே வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு, ஓடி வருகிற பிள்ளையிடம், டீச்சர் நேரத்தைச் சொல்லுமுன் எப்படி ஓடினாய் என்று கேட்கப் பழகினேன். எனக்குக் கூச்சம்தான். ஆனால் பிள்ளைகளுக்குத் தங்கள் ஓட்டம் தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

கூடுதல் பதினைந்து மீட்டரா, பன்னிரண்டா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்று கிரவுண்டில் இருந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.